கரண்ட் இல்லாத நாளில் தூத்துக்குடி

எங்கள் பகுதியில் மாதத்துக்கு ஒருநாள் கரண்ட் இருக்காது. பராமரிப்புப் பணி, காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை என்று முதல்நாளே பேப்பரில் வந்துவிடும். மோட்டார் மாட்டிய தையல் மெஷினை வைத்துப் பிழைக்கிறவளுக்கு அது கூலியில்லாத லீவு. மற்ற மாதமென்றால் காலால் மிதித்தாவது ரெண்டு ஜாக்கெட்டை முடித்துவிடுவேன். பங்குனியில் அந்த அவசரமும் கிடையாது. மதுரையில் சித்திரைத் திருவிழாத் துணிகள் இன்னும் வரத் தொடங்கியிருக்காது. பள்ளிக்கூட யூனிஃபார்ம் மே கடைசியில்தான் வந்து குவியும். ராத்திரி தட்டைக் கழுவிக்கொண்டே, "மதினி, நாளைக்குத் தூத்துக்குடி போயிட்டு வருவமா?" என்றேன்.

"யாருக்கு என்னத்தா ஆச்சு?" என்றார் மதினி.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஊர்விட்டு ஊர் போக எங்கள் வீட்டில் கல்யாணம், கருமாதி, கோயில் என்று மூன்று காரணம்தான் உண்டு. சும்மா போகலாம் என்றதை அவர் நம்பவில்லை. நம்பியபிறகு அடுத்த கேள்வி வந்தது. "அம்புட்டுத் தூரம் போயிட்டுத் திருச்செந்தூர் போகாமத் திரும்புனா முருகன் என்ன நெனப்பான்?"

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் 40 கிலோமீட்டர். தென்மாவட்டத்துக்காரர்கள் பாதிப் பேருக்குத் தூத்துக்குடி என்பது திருச்செந்தூர் பஸ்ஸின் ஜன்னலில் பார்த்த ஊர். உப்பளமும் புகைபோக்கியும் தெரியும், மொட்டை போடப் போகிற பிள்ளை அழும், ஊர் கடந்துவிடும். "முருகனுக்கு ஆறு வீடு மதினி. அதுல திருப்பரங்குன்றமும் பழமுதிர்ச்சோலையும் நம்ம பக்கத்துலயே இருக்கு. அங்க போயிச் சொல்லிக்கிருவோம்" என்றேன். அரைமனதாகத் தலையாட்டினார். விடியுமுன் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிவிட்டோம்.

அருப்புக்கோட்டையைத் தாண்டியதும் கரிசல் தொடங்கிவிடுகிறது. பங்குனியில் அந்த மண் வெடித்துக் கிடக்கும். ரோட்டின் இருபுறமும் வேலிக்கருவை, இடையிடையே களத்தில் மிளகாய் வத்தல் காய்கிற சிவப்பு. ஐப்பசி மழைக்கு விதைத்து, மார்கழிப் பனியில் விளைந்து, மாசி பங்குனியில் வீடு வந்து சேருகிற வெள்ளாமை. இந்த மண்ணில் விளைந்த பருத்திதான் ஒருகாலத்தில் வண்டி வண்டியாகத் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறியது. 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு அங்கிருந்து பஞ்சு வருவது நின்றபோது, இங்கிலாந்தின் மில்கள் இந்தியப் பஞ்சுக்குப் பறந்தன. 1876-ல் ரயில்பாதையும் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது. பஞ்சாக ஏற்றுவானேன், இங்கேயே நூலாக்கலாமே என்று ஹார்வி சகோதரர்கள் 1888-ல் தூத்துக்குடியில் கோரல் மில்லையும், 1892-ல் எங்கள் மதுரையில் இன்னொரு மில்லையும் தொடங்கினார்கள். என் மெஷினில் ஓடுகிற மதுரா கோட்ஸ் நூல்கண்டின் பூர்வீகம் அந்த மில்கள்தான்.

அந்தக் கோரல் மில்லில் 1908 பிப்ரவரி 27 அன்று வேலைநிறுத்தம் வெடித்தது. வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். தொழிலாளர்கள் கேட்டது கூலி உயர்வு, வாரம் ஒருநாள் ஓய்வு. மார்ச் முதல் வாரத்திலேயே நிர்வாகம் இறங்கி வந்தது. அந்த வெற்றிக்கு விலையும் உடனே கேட்கப்பட்டது. மார்ச் 12-ல் இருவரும் கைது, மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. பாடப் புத்தகத்தில் வ.உ.சி. என்றால் கப்பல், செக்கு இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். மில் தொழிலாளிக்கு அவர் வாங்கிக்கொடுத்த ஞாயிற்றுக்கிழமையை யாரும் சொல்வதில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை என்பதால் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

ஒன்பது மணிவாக்கில் இறங்கினோம். ஸ்டாண்டில் நின்ற ஆட்டோ அண்ணாச்சி, "திருச்செந்தூர் பஸ்ஸு அந்தப் பக்கம்லா நிக்கும்" என்றார், நாங்கள் வாய் திறக்குமுன்பே. ஊரைப் பார்க்க வந்தோம் என்றதும் எங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம், "அப்பம் மொதல்ல அளத்துக்குப் போயிருவோம். வெயில் ஏறிட்டுன்னா வேல முடிஞ்சிரும்" என்று தானாகவே வண்டியைத் திருப்பினார். அன்றைய நாளை அமைத்துக் கொடுத்தது அந்த மனிதர்தான்.

முள்ளக்காட்டுப் பக்கம் ரோட்டோரமே உப்பளம். உப்பு எடுப்பதற்குக் கடல் இருந்தால் போதும் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறோம். அப்படியென்றால் தமிழ்நாட்டுக் கரை முழுக்க உப்பளமாக இருக்கவேண்டும். தூத்துக்குடியில் மழை குறைவு, வெயில் நீளம், காற்றில் ஈரம் கம்மி. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தன் அந்தப் பக்கமே இறக்கி வைத்துக்கொண்டு, இந்தப் பக்கத்துக்கு வெறும் காற்றை அனுப்புகிறது. கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலையைச் சுற்றுகிற அந்தக் காற்றுதான் இங்கே பாத்தியில் தண்ணீரை உறிஞ்சுகிறது. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடி அதிக உப்பு தமிழ்நாட்டில்தான். அதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்தின் உழைப்பு.

வேலை நடப்பது இப்படி. ஒரு லிட்டர் கடல்நீரில் உப்புச்சத்து சுமார் 35 கிராம். இங்கே பல அளங்களில் போர் போட்டு, அதைவிடக் காரமான நிலத்தடி நீரை எடுக்கிறார்கள். அதை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றி வெயிலில் காயவிடுகிறார்கள். கடல்நீர் என்றால் பத்தில் ஒரு பங்காக வற்றும்போதுதான் உப்பு படியத் தொடங்கும். அதற்கு முன்னாலேயே ஜிப்சம் தனியாக இறங்கிவிடும். உப்பு விளைந்தபின் மிஞ்சுகிற தண்ணீர் கசக்கும். அதில் மெக்னீசியம் அதிகம். அந்தத் தண்ணீரை உரிய நேரத்தில் வெளியேற்றாவிட்டால் உப்பும் கசந்துபோகும். எப்போது எந்தப் பாத்தியைத் திறக்கவேண்டும் என்பதுதான் தொழில். தண்ணீரின் கனத்தை அளந்து பார்த்து டிகிரி சொல்கிறார்கள். 25 வந்தால் உப்பு. பழைய ஆட்கள் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்களாம்.

தை மாதம் பாத்தி மிதித்துச் சீராக்கி, மாசி கடைசியில் முதல் உப்பு வாருவார்கள். நாங்கள் போனபோது பாத்திகளில் பாதி வெள்ளை பிடித்திருந்தது, மீதி இன்னும் வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. சித்திரை பிறந்தால் கண்ணைத் திறக்கமுடியாத வெள்ளை.

எனக்கு முதலில் கண்ணில் பட்டது உடுப்பு. பெண்கள் எல்லாரும் சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டு, கை மணிக்கட்டுவரை பொத்தானிட்டு, தலையையும் காதையும் துணியால் சுற்றியிருந்தார்கள். வெயில் மேலிருந்து ஒருமுறை, உப்பில் பட்டுக் கீழிருந்து ஒருமுறை அடிக்கிறது. வரப்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த அக்காவிடம் நான் தையல்காரி என்றேன். அவர் சட்டையின் அக்குளைத் தூக்கிக் காட்டினார். "துணி போறதுக்கு முந்தித் தையலு விட்டுருதும்மா. உப்புத் தண்ணி நூலத்தான் மொதல்ல திங்கும்" என்றார். துணி நன்றாகவே இருந்தது, ஓரமெல்லாம் பிரிந்து கிடந்தது. ரெட்டைத் தையல் போட்டு, நைலான் நூலில் அடித்தால் ஒரு பருவம் தாங்கும் என்று சொன்னேன். "அதுக்கு நீங்க மதுரையில இருந்து வரணுமாக்கும்" என்று சிரித்தார். காலில் வெடிப்பு. சிலருக்கு பூட்ஸ் உண்டு, சிலருக்கு இல்லை. மழைக்காலத்தில் அளம் மூடிவிடும், வேலையே இருக்காது. அந்த மாதங்களுக்கு அரசு இப்போது 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. ராஜம் கிருஷ்ணன் இந்த அளங்களுக்கே வந்து பழகிப் பார்த்து எழுதிய 'கரிப்பு மணிகள்' 1979-ல் வந்த நாவல். கடையில் ஆள் வராத மத்தியானங்களில் படித்தது. இயந்திரம் கொஞ்சம் வந்திருக்கிறதே தவிர, அதில் இருக்கிற வெயிலும் கண்ணெரிச்சலும் அப்படியேதான் இருக்கின்றன.

அங்கிருந்து கடற்கரை. மதினி இறங்கிப் பார்த்துவிட்டு ஏமாந்துபோனார். "என்னத்தா, கம்மா மாதிரி கெடக்கு. அலையே காணோம்?"

தூத்துக்குடிக் கடல் அப்படித்தான். எதிரே இலங்கை மறைக்கிறது. கரையோரம் ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடிவரை 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். வருகிற அலையை அவை வாங்கிக்கொள்கின்றன. ஒருகாலத்தில் சுண்ணாம்புக்காக அந்தப் பாறைகளையே வெட்டி எடுத்தார்கள். 1986-ல் மன்னார் வளைகுடாவைத் தேசியப் பூங்காவாக அறிவித்துக் காக்கத் தொடங்குமுன் சேதம் நடந்துவிட்டது. இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு அருகில் உள்ள வான் தீவும் கரைந்துகொண்டே வர, அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள்.

அலை குறைந்திருந்ததற்கு மாதமும் ஒரு காரணம். அண்ணாச்சியின் தம்பி கடலுக்குப் போகிறவராம், அவர் வழியாகக் கேட்ட கணக்கு இது. மார்கழி, தை வரை வாடை அடிக்கும். வைகாசி பிறந்தால் மேற்கே இருந்து கச்சான் கிளம்பும், மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். இரண்டுக்கும் நடுவே மாசி, பங்குனியில் காற்று ஓய்ந்து நிற்கும். தண்ணீர் தெளிந்து, சங்கு குளிக்கிறவர்களுக்குத் தரை தெரியும். பவளப்பாறை மீனும் கரைக்கு வரும். ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அதற்கு முந்தைய கடைசி வாரங்கள் இவை. ஆகவே படகுக்காரர்கள் ஓய்வே எடுப்பதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகமாட்டார்கள், பூசைக்குப் போவார்கள்.

சங்கு என்றால் நாம் கோயிலையும் சாவு வீட்டையும் நினைக்கிறோம். தூத்துக்குடிச் சங்கின் பெரிய சந்தை வங்காளம். அங்கே கல்யாணமான பெண்கள் போடுகிற வெள்ளை வளையல், இங்கே மூச்சடக்கி எடுத்த சங்கை அறுத்துச் செய்தது. முத்துக் குளிப்பு நின்றுவிட்டது. கடைசியாக அரசு நடத்திய முத்துக் குளிப்பு 1961-ல். 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் இதே ஊரில் சிப்பிக்குள் செயற்கையாக முத்து விளைவித்துக் காட்டினார்கள். பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வயலுக்கு நடுவில் கிடக்கிறது. தாமிரபரணி மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கடலைத் தள்ளிவிட்டதால் துறைமுகம் தூத்துக்குடிக்கு நகர்ந்தது. அந்தக் கொற்கையின் பெயரையே தலைப்பாக வைத்து ஜோ டி குரூஸ் எழுதிய நாவலில் இந்த ஊரின் தோணிக்காரர்கள் முழு வாழ்க்கையும் வாழ்கிறார்கள்.

தோணிகளைப் பழைய துறைமுகத்துக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது. மரத்தாலான பெரிய சரக்குக் கலங்கள். முன்பு பாயை மட்டும் நம்பி ஓடியவை, இப்போது இன்ஜின் வைத்திருக்கின்றன. காகிதத்தில் வரைபடம் போடாமல், மேஸ்திரியின் கண்கணக்கில் கட்டப்பட்டவை. காய்கறி, வெங்காயம், செங்கல், சிமென்ட் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகும். கச்சான் காலத்தில் ஓட்டம் நின்றுவிடும். கொழும்புக்கும் இந்த ஊருக்கும் இருந்த போக்குவரத்தை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. 1914-ல் பாம்பன் பாலம் வருகிறவரை சென்னையிலிருந்து கொழும்பு போக ரயிலில் தூத்துக்குடி வந்துதான் கப்பல் ஏறவேண்டும். அந்தப் பாதையில்தான் வ.உ.சி. வெள்ளைக்காரக் கம்பெனியோடு மோதினார். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவுசெய்து, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்து விட்டார். எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பிறகு சும்மாவே ஏற்றியது. அதற்கும் மசியாதவர்களுக்குக் குடை இனாம் கொடுத்தது. அவர் சிறையில் இருக்கும்போதே கம்பெனி முடிந்துபோனது. 1936-ல் இதே ஊரில் அவர் காலமானார். இன்று துறைமுகம் அவர் பெயரில் இருக்கிறது.

இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்த ஊர் இது. நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார். அவர் சிலைக்கு இன்றும் மாலை விழுகிறது. அரசியல்வாதி சிலைகளில் நான் மனதார நின்று பார்த்தது அது ஒன்றைத்தான்.

திரேஸ்புரத்தில் ஏலம் முடிந்திருந்தது. மிச்சத்தைக் கூறு போட்டு உட்கார்ந்திருந்த ஆச்சிகளிடம் மதினி ஒரு மணி நேரம் பேரம் பேசினார், பச்சை மீனை மதுரைக்குக் கொண்டுபோக முடியாது என்று தெரிந்தே. ஊளி, விளமீன், பாறை, கணவாய் என்று ஒவ்வொன்றாக விலை கேட்டு, செவுளைத் தூக்கிப் பார்த்து, கடைசியில் நெத்திலிக் கருவாடும் ஒரு துண்டு மாசியும் வாங்கினார். மாசி என்பது சூரை மீனை அவித்து, புகைபோட்டு, கட்டைபோல் ஆகும்வரை காயவைத்தது. மாலத்தீவுக்காரர்களின் கைப்பக்குவம். இடித்துத் தேங்காயோடு சம்பல் அரைத்தால் சோறு போதாது.

பனிமய மாதா கோயிலில் உச்சிவெயிலிலும் உள்ளே குளிர்ச்சி. இன்றைய கட்டடம் 1713-ஐச் சேர்ந்தது, 1982-ல் பேராலயம் ஆனது. ஆகஸ்ட் 5 திருவிழா அன்று ஊரில் இடமிருக்காது என்கிறார்கள். 1530-களில் பரதவர்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி மதம் மாறியதும், 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்ததும், 1658-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்ததும் இந்தத் தெருக்களில்தான் நடந்தன. டச்சுக்காரர்கள் 1750-ல் கட்டிய சர்ச்சும் கடற்கரைச் சாலையிலேயே நிற்கிறது. மதினி வாசலில் மாலை வாங்கிக் கொடுத்துவிட்டு, "இங்கயும் ஒண்ணு சொல்லிட்டேன்" என்றார். என்ன வேண்டினார் என்று கேட்கவில்லை.

மக்ரூன் வாங்காமல் ஊரைவிட்டுக் கிளம்பமுடியாது. முட்டையின் வெள்ளைக் கரு, சர்க்கரை, முந்திரிப் பொடி மூன்றே பொருள். வெண்கருவை நுரைக்க அடித்து, சர்க்கரையையும் முந்திரியையும் சேர்த்து, பேப்பரில் கூம்பு கூம்பாகப் பிழிந்து, அடுப்பின் இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் வைக்கிறார்கள். வேகவைப்பதைவிடக் காயவைப்பது என்று சொல்லலாம். சூடு கொஞ்சம் ஏறினால் பழுத்துவிடும், காற்றில் ஈரம் இருந்தால் நமுத்துவிடும். இதைச் செய்யவும் உப்பைப்போல வறண்ட காற்றுதான் வேண்டும். இந்த ஊர் எதில் கெட்டிக்கார ஊர் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது.

"சாயங்காலம் நைட் கிளப்புல சாப்ட்டுட்டு பஸ் ஏறுங்கக்கா" என்று அண்ணாச்சி சொன்னபோது மதினி என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை. பொழுது சாய்ந்தபின் திறக்கிற பரோட்டாக் கடைகளுக்குத்தான் தூத்துக்குடியில் அந்தப் பெயர். கல்லில் எண்ணெயில் மொறுமொறுவென்று போட்டு, தட்டி நொறுக்கி, சால்னாவை மேலே ஊற்றிக் கொடுத்தார்கள். மதினி முதல் இரண்டை முகம் சுளித்துச் சாப்பிட்டார், மூன்றாவதைக் கேட்டு வாங்கினார்.

போக நினைக்கிறவர்கள் ஏப்ரல் 15-க்குள் போய்விடுங்கள். அதற்குப்பிறகு நாட்டுப்படகு மீன் மட்டும்தான், விலையும் ஏறிவிடும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். அளத்துக்குப் பத்து மணிக்குள் போய்விடவேண்டும், வேலை நடக்கிற பாத்தியில் கேட்காமல் கால் வைக்கக்கூடாது. கறுப்புக் கண்ணாடி, தண்ணீர் பாட்டில் அவசியம். மக்ரூன் பெட்டியைப் பஸ்ஸில் மேலே வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி இறுக்கி மூடிவிட்டால் பத்து நாள் தாங்கும். எங்கள் வீட்டில் ரெண்டு நாளுக்குமேல் தங்கவில்லை.